பெரியவர் விட்டுப்போன ரயில் ஸ்லைடுகளை ஸ்கேனுக்குக் கொடுத்த கதை

பழைய ரயில் ஸ்லைடுகள், அதாவது புரொஜெக்டரில் போட்டுத் திரையில் பார்க்கும் சின்னச் சின்னப் பிலிம் படங்கள், பெட்டி பெட்டியாக உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு வந்து சேர்ந்தன. அதில் ஒன்றரை வருடம் போனது, கணக்குப் பார்த்தால் ஆயிரம் பவுண்டு வரை போனது, முப்பது நாற்பது ஸ்லைடுகள் திரும்பி வராமலே போயின. பணத்தைக்கூட விட்டுவிடலாம், அந்த ஸ்லைடுகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களில் யாருக்காவது பக்கத்து வீட்டில் ரயில் பைத்தியம் பிடித்த பெரியவர் ஒருவர் இருந்தால் அவருக்காகவாவது இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டான்காஸ்டரில். ரயிலால் வளர்ந்த ஊர். இங்கிருந்த ரயில்வே பணிமனையை ஊர்க்காரர்கள் ‘தி பிளான்ட்’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அங்கே ஃபிட்டராக இருந்தவர். நான் பொன்மலையில் வளர்ந்தவன் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன், அங்கேயும் பெரிய ரயில்வே பணிமனை இருக்கிறது என்றேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, புரொஜெக்டரைப் போடுவார். எனக்குத் தெரிந்த டீசல் இன்ஜின் எல்லாம் அமெரிக்க ஆல்கோ கம்பெனி வம்சம், அதன் கடகட சத்தம். அவர் காட்டியதெல்லாம் வேறு உலகம். டர்போவின் விசில் சத்தத்துக்காகவே ‘விஸ்லர்’ என்று பெயர் வாங்கிய கிளாஸ் 40, ‘வெஸ்டர்ன்’ என்று தொடங்கும் பெயரைத் தாங்கிய 74 ஹைட்ராலிக் இன்ஜின்கள், எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய டெல்டிக்.

டெல்டிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனிதர்கள் இதற்காக ஏன் இப்படி உருகுகிறார்கள் என்பது புரியாது. 1961, 62இல் வந்த டீசல் இன்ஜின்கள், மொத்தமே 22. ஒவ்வொன்றிலும் நேப்பியர் கம்பெனியின் 18 சிலிண்டர் மோட்டார் இரண்டு இருக்கும், முதலில் கடற்படையின் வேகப் படகுகளுக்காக உருவாக்கிய வகை. 3,300 குதிரைத்திறன். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு மணிக்கு 100 மைல் வேகத்தில் எக்ஸ்பிரஸ் இழுத்தவை. லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் ஷெட்டில் இருந்தவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர், வடக்கே இருந்தவற்றுக்கு ராணுவப் படைப்பிரிவுகளின் பெயர். பழுது பார்த்தது எல்லாம் இந்த டான்காஸ்டர் பிளான்டில். 1981 கடைசியோடு வேலை முடிந்து, 1982 ஜனவரி 2ஆம் தேதி வழியனுப்பு ரயில் ஓடியது. கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு டுல்யார் என்ற டெல்டிக் இழுத்துப்போக, திரும்பும்போது ராயல் ஸ்காட்ஸ் கிரே என்ற டெல்டிக் இழுத்து வந்தது. அப்புறம் பெரும்பாலானவற்றை அதே பிளான்டில் வெட்டி இரும்பாக்கினார்கள். பெரியவர் பழுது பார்த்த இன்ஜின்கள் அவர் கண்ணெதிரேயே துண்டாயின. அதையும் படம் எடுத்து வைத்திருந்தார். அந்த ஸ்லைடுகள் வரும்போது மட்டும் பேசமாட்டார், பட்டனை அழுத்தி அடுத்ததற்குப் போய்விடுவார்.

அவர் காலமான பிறகு அவர் மனைவி, அந்த அம்மா, என்னைக் கூப்பிட்டு, வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போவதாகவும் ஸ்லைடுகளை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மகளுக்கு எல்லாவற்றின் ஸ்கேன் பிரதி ஒன்று வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. பெட்டிகள் முப்பதுக்கும் மேல், ஸ்லைடுகள் ஆயிரத்துக்கும் மேல். பெரியவர் ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு ஸ்லைடின் சட்டத்திலும் மூலையில் பென்சிலால் ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு எந்த இன்ஜின், எந்த ஊர், எந்தத் தேதி என்ற பட்டியல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். 14ஆம் எண் ஸ்லைடு ஒவ்வொரு பெட்டியிலும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த கூத்துக்கு இதுதான் காரணம்.

ஸ்கேன் செய்து தரும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். ஏறக்குறைய 700 பவுண்டு. போனில் கேட்டபோது பெட்டிக்குப் பெட்டி தனித்தனியாகத்தான் செய்வோம், வந்த வரிசையிலேயே திரும்பத் தருவோம் என்றார்கள். ஆர்டர் படிவத்திலும் அதை எழுதினேன், ஒவ்வொரு பெட்டி மேலேயும் எண் ஒட்டி, ஃபைல் பெயரில் அந்த எண் வரவேண்டும் என்றும் எழுதினேன். ஆறு வாரம் என்றது நான்கு மாதமானது. ஒரு நாள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. திறந்தால் பிளாஸ்டிக் பைகளில் ஸ்லைடுகளை அள்ளிப் போட்டிருக்கிறார்கள், கடையில் கடலை கட்டிக் கொடுப்பது மாதிரி. பெட்டிகள் எங்கே என்று போன் செய்தால், பழசாக, பூஞ்சை பிடித்திருந்தன, அதனால் போட்டுவிட்டோம் என்கிறாள் எதிர்முனையில் ஒரு பெண், ஏதோ எனக்கு உபகாரம் செய்த தோரணையில். பெட்டி போனால் மூடி போச்சு. மூடி போனால் பட்டியல் போச்சு. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கமே போகாமல் பின்வழியாகப் போய்வந்தேன்.

ஸ்கேனும் உருப்படியாக இல்லை. பெரியவர் பயன்படுத்தியது பெரும்பாலும் கோடாக்ரோம் என்ற கலர் ஸ்லைடு பிலிம். அந்தப் பிலிமின் விசேஷம் என்னவென்றால், இருட்டில் வைத்திருந்தால் ஐம்பது அறுபது வருடம் ஆனாலும் நிறம் மங்காது. ஆனால் ஸ்கேனரில் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்துத் தானாக அழிக்கும் வசதி ஒன்று உண்டு, அது கோடாக்ரோமோடு ஒத்துப்போகாது. கருப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருப்பதால் அதிலும் வேலை செய்யாது. இவர்கள் எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் தள்ளியிருக்கிறார்கள். இன்ஜினின் இருண்ட பக்கங்களில் கைப்பிடிக் கம்பி, ரிவெட் வரிசை எல்லாம் குழம்பிப்போய் மெழுகு பூசியது போல் இருந்தது. சில படங்கள் இடம் வலமாகப் புரண்டிருந்தன. ஃபைல்கள் ஒன்று முதல் வரிசை எண், அவ்வளவுதான் பெயர். எண்ணிப் பார்த்தால் ஸ்லைடுகளே குறைந்தன.

யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வாக்குறுதி எத்தனை பலமாக இருந்தாலும் சரி, படத்தைவிட முதலில் எழுத்தைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு பெட்டியின் மூடியையும், உள்ளே ஸ்லைடுகள் அடுக்கியிருக்கும் விதத்தையும், லைட் பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் பலகை) பரப்பி வைத்து ஸ்லைடுகளின் சட்டத்தையும் கைப்பேசியிலேயே படம் எடுத்துவிடலாம், ஆயிரம் ஸ்லைடுக்கு இரண்டு மூன்று மாலை வேலைதான். பெட்டி எண்ணை ஒவ்வொரு ஸ்லைடின் சட்டத்திலும் மெல்லிய பென்சிலால் எழுதிவிட்டால் யார் கலைத்தாலும் திரும்ப அடுக்கிவிடலாம். பேனா வேண்டாம், மை ஒட்டும். மொத்தத்தையும் ஒரே தடவை அனுப்பாமல் முதலில் ஒரே ஒரு பெட்டியை அனுப்பி, எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். கோடாக்ரோமுக்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கே தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம் அளவு: 35 மில்லிமீட்டர் ஸ்லைடை அங்குலத்துக்கு 4000 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் சுமார் இரண்டு கோடி புள்ளிகள் கிடைக்கும், இன்ஜின் எண்ணைப் பெரிதாக்கிப் படிக்க அது வேண்டும். சுருக்கிய ஜேபெக் ஃபைல் மட்டும் தருகிறேன் என்றால் தரம் குறையாத டிஃப் ஃபைல் கேளுங்கள்.

நிறுவனத்தோடு நடந்த சண்டை தனிக்கதை. அவர்களுடைய நிபந்தனையில் ஸ்லைடு தொலைந்தால் வெற்றுப் பிலிமின் விலை மட்டும்தான் தருவோம் என்று ஒரு வரி இருந்தது, அதையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மின்னஞ்சல் போட்டுப் போட்டு நான் ஓய்ந்துபோன நேரத்தில் என் மனைவிதான், “ஏங்க, இன்னும் எத்தனை நாள் அவங்ககிட்ட கெஞ்சிக்கிட்டே இருப்பீங்க? சட்டப்படி என்ன உண்டோ அதை எழுத்துல கேளுங்க” என்றாள். பிரிட்டனில் 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒரு சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும், அந்தப் பொறுப்பை நிபந்தனை எழுதி முழுதாகக் கழற்றிவிட முடியாது. ஆர்டர் படிவத்தில் நான் எழுதியிருந்ததை நகல் வைத்து, இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். அதுவரை மூச்சு விடாதவர்கள் பத்து நாளில் 400 பவுண்டு தருவதாக வந்தார்கள். வழக்குக்கே போயிருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குத் தெம்பு இல்லை, வாங்கிக்கொண்டேன். காணாமல் போன ஸ்லைடுகள் கிடைக்கவே இல்லை. கேட்க வேண்டியதைப் போனில் கேட்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். போனில் பேசிய எதுவும் எனக்குக் கடைசியில் உதவவில்லை, படிவத்தில் எழுதிய இரண்டு வரிதான் உதவியது.

சரி, இப்போது கையில் இருப்பது ஆயிரம் பெயரில்லாத படங்கள். இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஊரில் ரயில் ஆர்வலர்கள் மாதம் ஒரு முறை ஒரு சிறிய ஹாலில் கூடுகிறார்கள். டீ, பிஸ்கட், யாராவது ஒருவர் ஸ்லைடு காட்டுவார், மற்றவர்கள் இருட்டிலிருந்து திருத்திக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள், பையன்களாக இருந்தபோது பிளாட்பாரம் கோடியில் நின்று இன்ஜின் எண்களை நோட்டில் எழுதியவர்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் நிலைமையைச் சொன்னேன். பெட்டியைத் தூக்கிப் போட்டார்கள் என்ற இடத்தில் ஹால் முழுக்க ஒரு முனகல். அப்புறம் ஒவ்வொரு மாதமும் கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம் என் படங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஒரு மனிதர் பின்னணியில் தெரிந்த சிக்னல் கம்பத்தை வைத்து ஊரைச் சொல்வார், இன்னொருவர் இல்லை அது அந்தப் பக்கத்துக் கம்பம் என்று எழுந்து நிற்பார், இரண்டு பேரும் மூன்று நிமிடம் சண்டை போடுவார்கள். நான் குறித்துக்கொள்வேன்.

அங்கே கற்றதில் உங்களுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் டீசலின் முகத்தைப் பார்த்தே வருடத்தை நெருங்கிவிடலாம். முதலில் வந்தபோது பெரும்பாலும் பச்சை, முகத்தில் மஞ்சள் கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் தண்டவாளத்தில் வேலை செய்பவர்கள் தூரத்திலேயே கவனிக்க வேண்டும் என்று முகத்தில் பாதி மஞ்சள் வந்தது, அறுபதுகளின் கடைசியில் முழு முகமும் மஞ்சள். நீல நிறம் அறுபதுகளின் நடுவில் தொடங்கியது. எண்ணுக்கு முன்னால் ‘டி’ என்ற எழுத்து இருக்கும், நீராவியிலிருந்து பிரித்துக் காட்ட. 1968 ஆகஸ்டில் நீராவி ஓய்ந்ததும் அந்த எழுத்துக்கு வேலை இல்லாமல் போனது. நான் உடனே ‘டி’ இருந்தால் 68க்கு முன் என்று முடிவு கட்டப் போனேன், ஒரு பெரியவர் சிரித்துவிட்டு, அடுத்த பெயின்ட் அடிக்கும் வரை அது அப்படியே ஓடியது தம்பி என்கிற மாதிரி விளக்கினார். ‘டி’ இல்லாமல் பழைய எண் இருந்தால் 68க்குப் பின், அந்தப் பக்கம்தான் உறுதி. 1973, 74இல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கணினிக்காகப் புது எண் கொடுத்தார்கள், இன்ஜின் வகை முதல் இரண்டு இலக்கம். இதிலும் ஒரு பொறி. டெல்டிக் வகைக்கு 55, ஆக டி9001 ஆனது 55001, சரி. அப்படியென்றால் டி9000? 55000 என்ற எண் கொடுக்கவில்லை, அது வரிசையின் கடைசிக்குப் போய் 55022 ஆனது. கிளாஸ் 40இல் முதல் இன்ஜின் டி200 போய் உட்கார்ந்தது 40122இல், ஏனென்றால் டி322 விபத்தில் போய் அந்த இடம் காலியாக இருந்தது. கணக்குப் போட்டு எண்ணை மாற்றினால் தப்பாகப் பெயர் எழுதிவிடுவீர்கள்.

பல இன்ஜின்களின் முகத்தில் நான்கு எழுத்து காட்டும் பெட்டி ஒன்று உண்டு, ரயிலின் குறியீடு. 1 என்றால் எக்ஸ்பிரஸ், அடுத்த எழுத்து எஸ் என்றால் ஸ்காட்லாந்து போகிறது, இப்படி. 1976 ஜனவரியோடு அந்தக் குறியீடு காட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அதன் பிறகு நான்கு பூஜ்யமோ, கருப்புப் பலகையில் இரண்டு வெள்ளைப் புள்ளியோதான். ஆகவே உயிருள்ள குறியீடு தெரிந்தால் படம் 76க்கு முன். வெஸ்டர்ன் இன்ஜின்களில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அவை புது எண் வாங்கவே இல்லை, 1977 பிப்ரவரியில் ஓய்வு பெறும் வரை வார்ப்பு எண் பலகையோடே ஓடின. கடைசிக் காலத்தில் அந்தப் பெட்டியில் இன்ஜினின் சொந்த எண்ணையே சுழற்றி வைத்துவிடுவார்கள். 1023 என்று தெரிந்தால் அது ரயில் குறியீடு இல்லை, இன்ஜினே டி1023. படம் புரண்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், பிரிட்டனில் இரட்டைப் பாதையில் ரயில் இடப்பக்கம் ஓடும், பிரிட்டிஷ் ரயிலின் இரட்டை அம்பு சின்னத்தில் மேல் அம்பு வலப்பக்கம் காட்டும், அதை வைத்துப் பிடித்துவிடலாம்.

இதற்கு நடுவில் அந்த அம்மா வீடு காலி செய்தார். உதவிக்குப் போன இடத்தில் மாடியில் பழைய கோட்டுகளுக்கு அடியில் பெரியவரின் நோட்டுகளில் மூன்று கிடைத்தன, மற்றவை அதற்கு முன்பே பழைய பேப்பரோடு போய்விட்டிருந்தன. தேதி, இடம், இன்ஜின் எண், வானிலை, எத்தனையாவது ரோல் என்று எழுதி வைத்திருந்தார். நோட்டில் ஒரு நாள், ஒரு ஊர், ஏழு இன்ஜின் என்றால், அதே வெயிலில் அதே கம்பம் தெரியும் ஏழு ஸ்லைடுகளைத் தேடி எடுத்துப் பொருத்தினேன். பாதிக்கு மேல் அப்படித்தான் பெயர் திரும்பியது. ரயில் பைத்தியங்கள் விட்டுப்போகும் பொருளில் கேமராவையும் மாடல் ரயிலையும்தான் குடும்பத்தார் முதலில் பத்திரப்படுத்துவார்கள். நீங்கள் நோட்டுகளைக் கேளுங்கள்.

மறு ஸ்கேன் நானே செய்தேன். நல்ல ஸ்லைடு ஸ்கேனர்கள் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை, செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலும் பழைய கணினி இணைப்பு கேட்கும். ஏற்கெனவே கையில் இருந்த கேமராவுக்கு மிக அருகில் படம் எடுக்க ஒரு மேக்ரோ லென்ஸ், தரமான லைட் பேனல், ஒரு ஸ்டாண்டு வாங்கினேன், எல்லாம் சேர்த்து 600 பவுண்டுக்குப் பக்கம். ஸ்லைடைப் படம் பிடிப்பதுதான், வேறொன்றுமில்லை. கேமராவில் தூசி அழிக்கும் மாயமெல்லாம் இல்லாததால் முதலில் ரப்பர் பந்து ஊதியால் ஊதிவிட வேண்டும். பழகிவிட்டால் ஒரு மாலையில் ஐம்பது அறுபது முடியும். மெழுகு பூசின டெல்டிக்கில் கைப்பிடிக் கம்பியும், கிங்ஸ் கிராஸ் சுரங்கத்தின் முன்னால் கிளம்பும் புகையும் தனித்தனியாகத் தெரிந்தபோது நான் சத்தம் போட்டுவிட்டேன், பிள்ளைகள் மாடியிலிருந்து ஓடி வந்தார்கள்.

கடைசியாக உரிமை விஷயம். கொஞ்சம் படங்களை இணையத்தில் பகிர்ந்தேன். டெல்டிக்கை வெட்டும் படத்துக்கு, அந்த வேலையில் இருந்த ஒருவரின் மகன் தன் அப்பாவை அடையாளம் கண்டு எழுதியதெல்லாம் நடந்தது, அதற்காகவே பகிரலாம். கூடவே, யாரோ ஒருவர் அதே படங்களை எடுத்து அச்சுப் போட்டு விற்கத் தொடங்கியதும் நடந்தது. கேட்டால், இந்த ஸ்லைடு உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்றான். இங்கே சட்டம் தெளிவு: படம் எடுத்தவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு, அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். ஸ்லைடு யார் கையில் இருக்கிறது என்பது வேறு, உரிமை யாருடையது என்பது வேறு. ஏலத்தில் பெட்டியோடு வாங்கியவர்களில் பல பேர் இதைக் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல வேளையாக அந்த அம்மா ஊருக்குப் போகும் முன்பே, உரிமையை எனக்கு மாற்றித் தருவதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் மாற்றம் செல்லும். அந்தத் தாளின் நகலை அனுப்பியதும் விற்பனைப் பக்கம் காணாமல் போனது. உங்களுக்கு ஸ்லைடு கொடுக்கும் குடும்பத்திடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், துக்க வீட்டில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்கள் எந்த ஊரில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். இணையத்தில் போடுவதைச் சின்ன அளவில் போடுங்கள், பெரிய ஃபைலை யாராவது ஆராய்ச்சிக்குக் கேட்டால் தனியாகக் கொடுக்கலாம்.

மகளுக்கு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னொரு பிரதி சென்னையில் என் தம்பி வீட்டில் இருக்கிறது. அசல் ஸ்லைடுகளை அமிலம் இல்லாத அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, கூரைக்கடியில் உள்ள பரணிலும் வைக்காமல் நிலவறையிலும் வைக்காமல் படுக்கையறை அலமாரியில் வைத்திருக்கிறேன், இந்த ஊர் ஈரத்துக்கு அதுதான் சரி. இன்னும் நூற்றைம்பது படங்கள் பெயர் இல்லாமல் இருக்கின்றன, பெரும்பாலும் சின்ன டீசல் மல்டிபிள் யூனிட் வண்டிகள் (தனி இன்ஜின் இல்லாமல் பயணிகள் பெட்டியிலேயே மோட்டார் உள்ளவை), யாருமே எண் எழுதாத ரகம். ஆலமரம் போன்ற ஒரு மரமும் செங்கல் பாலமும் தெரியும் ஒரு படத்துக்கு ஹாலில் இதுவரை நான்கு ஊர் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன்.